மெதுப் பாகத்தின் ஒற்றை அடி

பழவங்காடி, திருவனந்தபுரம்
11 ஜனவரி 1954

அன்புள்ள தங்கச்சி ஞானபாய்க்கு, அண்ணன் சுவாமிதாஸ் சொல்லி எழுதுவிப்பது. கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மழையோடு வந்த மூட்டுவலி மழை போன பிறகும் போகவில்லை. பெங்களூர்க் குளிர் உன் நெஞ்சில் கட்டாமல் இருக்கிறதா?

இந்தக் கடிதத்தை எப்போதும் எழுதுகிற கோமதிநாயகம் பிள்ளை எழுதவில்லை. தபாலாபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிற ஒருவர் எழுதுகிறார். என்னை யாரென்று தெரியாதவர். அதனால்தான் இவரிடம் வந்தேன்.

உன் கிறிஸ்துமஸ் கடிதத்தைப் பிள்ளை வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறாய் போலிருக்கிறது. "உங்களுக்குப் படிக்கத் தெ... அதுக்கு மேல அடிச்சிருக்கா வேய், என்னன்னு தெரியல" என்றார். அடுத்த வரியை வாசியும் என்று அவசரப்படுத்தினேன்.

முப்பத்திரண்டு வருஷம் அரண்மனைப் பாண்டில் டிரம் அடித்தேன். எனக்கு எழுத்தும் தெரியாது, நோட்டும் தெரியாது என்பது உனக்கும் கர்த்தருக்கும் மட்டுந்தான் தெரியும். பாண்டை நடத்தின லோபோ மாஸ்டருக்குத் தெரியாது. பாண்டு ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்த பிள்ளைக்கும் தெரியாது. பக்கத்து வயலின்காரன் தாளைத் திருப்பும்போது நானும் திருப்புவேன். இப்போது கண்ணில் புரை விழுந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதற்குத் தகுந்தபடி எழுது. கண் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி கேள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மாஸ்டர் எண்பத்தொரு வயதில் அங்கே முதியோர் விடுதியில் படுத்துக்கொண்டு, தான் எழுதிய சிம்பொனியை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிறார். அதை வாசிக்க இனி ஒரு பாண்டும் கிடையாது. அதனால் நாற்பது பேர் வாசித்ததை நீ ஒற்றைப் பியானோவில் அடக்கி எழுதுகிறாய். நாலு பாகத்தில் மூன்றின் தாள் உன்னிடம் இருக்கிறது. இரண்டாவதான மெதுப் பாகத்துக்குத் தாள் இல்லை. அது எனக்கு ஓர்மை இருக்கிறதா என்று கேட்டாய்.

இருக்கிறது. 1931-ல் ஒரே ஒரு ராத்திரிதான் வாசித்தோம் என்றாலும், அதற்கு முன்னால் எட்டு மாதம் ஒத்திகை. நாற்பது பேருடையதும் இருக்கிறது.

நான் பாடுகிறேன். பிள்ளை பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். ஸரிகமவில் எழுதித் தருவார். அதை நீ உன் நோட்டாக மாற்றிக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு.

சுவாமிதாஸ்


பெங்களூர்
23 ஜனவரி 1954

அன்புள்ள அண்ணனுக்கு, ஞானபாய் எழுதிக்கொள்வது. நான் சுகம். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பியானோ படிக்கிற பிள்ளைகள் பதினாலு பேர். பதினாலு பேரும் ஒரே பாட்டை ஒரே இடத்தில் தப்பாக வாசிக்கிறார்கள். உங்கள் கண் எப்படி இருக்கிறது? புரை முற்றினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளையவர்கள் வாசித்துக் காட்டுகிறாரே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வேலை எப்படி என்று சொல்கிறேன், அதற்கேற்றபடி பாடுங்கள். புல்லாங்குழல் பாடுவதை வலது கைச் சுண்டுவிரலுக்குக் கொடுக்கிறேன். செல்லோவையும் பெரிய பாஸையும் இடது கை பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற கூட்டத்தை மிச்ச விரல்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காலடியில் இருக்கிற பெடலை மிதித்தால், விட்டுவிட்டு வந்த சுரம் கொஞ்ச நேரம் நிற்கும். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற படை. ஆகவே, ஒவ்வொரு இடத்திலும் யார் பாட்டைப் பாடுகிறார்கள், அடியில் யார், நடுவில் யார் என்று தனித்தனியாக வேண்டும்.

மாஸ்டருக்கு இடது பக்கம் அசைவு இல்லை. காது மட்டும் பழைய காது. நேற்று விடுதியில் ஒரு நர்ஸ் முணுமுணுத்த பாட்டைச் சுருதி குறைவு என்று திருத்தினார். மெதுப் பாகம் வருகிறது என்று சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிள்ளையவர்களுக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை,
ஞானபாய்


கரமனை, திருவனந்தபுரம்
9 பிப்ரவரி 1954

அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணனின் ஆசீர்வாதம். கண் அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்குச் சந்தோஷம்.

பத்து நாளாகப் பிள்ளை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இருபத்தாறு பார் முடித்திருக்கிறோம். (நாலு எண்ணினால் ஒரு பார் என்று சுவாமிதாஸ் எனக்கு இப்போதுதான் சொல்லித் தந்தார். எழுதுகிற பிள்ளை.) நீளத் தாளில் ஏழு வரிசை. மேல் வரிசை ஓபோ என்கிற குழல், அடி வரிசை பாஸ். என் பெரிய டிரம்மைச் சுருதி கூட்டினது எதுவோ அதுதான் ஸ. ஒரே பாரை ஏழு தடவை பாட வேண்டியிருக்கிறது. தொண்டை கிழிந்துவிட்டது.

முதல் நாள் பிள்ளை ஆர்மோனியப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வேய் இது, கரகரப்பிரியா மாதிரி கிளம்பி எங்கயோ போகுது! வழி தப்பிட்டீரா?" என்றார்.

"வழி தப்பல்ல பிள்ளைவாள். மாஸ்டர் அப்படித்தான் போவாரு."

"போகட்டும். திரும்பி வருவாரா?"

"நாப்பதாவது பாருல வருவாரு."

"அதுவரைக்கும் நான் எங்க நிக்கது?"

மூன்றாம் நாள், நான் பாடாமலே அடுத்த சுரத்தை அவர் பெட்டியில் பிடித்தார். ஐந்து வருஷமாக மூடிக் கிடந்த பெட்டி. கட்டைகளில் இரண்டு எழும்பவில்லை.

இனி, பிள்ளை உனக்குத் தனியாக ஏதோ எழுத வேண்டுமாம்.

சுவாமிதாஸ்

சகோதரி ஞானபாய் அவர்களுக்கு: மெதுப் பாகம் என்றதும் மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியது என்னை நினைத்துத்தான், அது நியாயம்தான். நீங்கள் மறைக்க வேண்டாம். 1949 ஜூலையில் பாண்டைக் கலைத்தபோது என் மேசையில் இரண்டு கட்டுகள். ஒன்று, மாஸ்டர் படியெடுக்க விட்டுப்போன மெதுப் பாகம். அது பெங்களூர் போக வேண்டும். மற்றது பழைய அணிவகுப்பு மார்ச்சுகள். அது எடைக்குப் போக வேண்டும். இரண்டு சீட்டுகளை இங்கிலீஷில் எழுதி, கட்டுகளின் மேல் வைத்தேன். நம் சுவாமிதாஸிடம் "ஒட்டிரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். எப்படியோ மாற்றி வைத்திருக்கிறேன். மாஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது மார்ச்சுக் கட்டு. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் வேறு தப்பு கிடையாது. கண்ணில்லாத கிளார்க்கு என்று அவர் எழுதிய கடிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்த ஏழு வரிசையையாவது மாற்றாமல் எழுத முயல்கிறேன்.
கோ. பிள்ளை


பெங்களூர்
4 மார்ச் 1954

அன்புள்ள அண்ணனுக்கு, சுகமா? தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடியுங்கள். கண்ணுக்கு வெயில் ஆகாது.

பிள்ளையவர்களின் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. ஒரு சுரம்கூடச் சந்தேகம் வரவில்லை. சின்ன ரி, பெரிய ரி என்று பிரித்திருப்பது நல்லது. அவருக்கு நான் தனியாகப் பதில் எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பதினெட்டாவது பாரில் ஏழு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஆறு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. யாரை விட்டாலும் மிச்சப் பேர் தனியாக நிற்கிறார்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்து, கடைசியில் இரண்டாவது ஹார்னை இறக்கிவிட்டேன். இனி உங்கள் டிரம்மையும் விடும்படி ஆகும். பாட்டு போகிற போக்கைப் பார்த்தால், டிரம் வருகிற இடத்தில் இரண்டு கையும் மேலேதான் இருக்கும் என்று தோன்றுகிறது. கீழே அடிக்க விரல் இல்லை. வருத்தப்படாதீர்கள்.

ஞானபாய்


கரமனை
21 மார்ச் 1954

அன்புள்ள தங்கச்சிக்கு, உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. வெயில் தாங்கவில்லை. அறுபது பார் ஆகிவிட்டது, இத்துடன் இருக்கிறது.

டிரம்மை விட்டுவிடு. நாற்பது பேரை இரண்டு கையில் ஏற்றுகிறவள் முதலில் இறக்க வேண்டியது என்னைத்தான். மெதுப் பாகம் முழுவதிலும் எனக்கு ஒரே ஓர் அடி. எண்பத்துநாலு பார் சும்மா இருந்துவிட்டு எண்பத்தைந்தில் ஒன்று. அதுவும் மெதுவாக, கதவை யாரோ வெளியிலிருந்து சாத்தினது போல. அதை விட்டால் யாருக்குத் தெரியும்?

மற்றவர்கள் எண்ணுவார்கள். நான் எண்ணினதில்லை. எல்லாரையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓபோ இரண்டாம் தடவை மேலே ஏறி இறங்கும்போது குச்சியை எடுப்பேன். அப்படிக் கேட்டதுதான் இன்றைக்கு இத்தனை வரிசையாக வருகிறது. வேலையில்லாமல் நின்றவனுக்குத்தான் எல்லாம் ஓர்மை இருக்கும்.

பிள்ளைக்குக் கண்ணில் நீர் வடிகிறது. இந்தப் பொடி எழுத்தை எழுதித்தான். "போதும் பிள்ளைவாள், நாளைக்குப் பாப்போம்" என்றேன். "உமக்கென்ன வேய், பாடிட்டுப் போயிருவீரு. தப்புப் பண்ணினவன் நான்லா" என்றார். (எழுத வேண்டாம் என்று சொன்னேன், எழுதச் சொல்கிறார், எழுதுகிறவன்.)

அன்றைக்கு அதன் பிறகு எனக்குப் பாட வரவில்லை.

சுவாமிதாஸ்


பெங்களூர்
30 மே 1954

அன்புள்ள அண்ணனுக்கு, இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். மாஸ்டருக்கு நிமோனியா வந்து தப்பினார். நானும் விடுதிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக அலைந்து களைத்துவிட்டேன். உங்கள் கண் எப்படி? பிள்ளையவர்களின் கண் எப்படி?

ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய மிச்சமும் சேர்ந்து, எண்பத்துநாலு பார் வரைக்கும் முடித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை விடுதி ஹாலில் இருக்கிற பழைய பியானோ பக்கம் அவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். எண்பத்துநாலில் தாள் முடிந்தது, நிறுத்தினேன். வலது கையில் ஒரு விரலை மட்டும் உயர்த்தி, காற்றில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, "சுவாமிதாஸ் எங்கே?" என்றார்.

"அந்த அடிக்கு விரல் இல்லை மாஸ்டர்" என்றேன்.

"அது இல்லாவிட்டால் மேலே இருக்கிறது ஒன்றும் முடிவுக்கு வராது. எங்கிருந்தாவது ஒரு விரலைக் கொண்டு வா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, இந்தச் சுரமெல்லாம் யார் எழுதினார்கள் என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கிளார்க்குக்கு எழுது. மன்னித்துவிட்டேன் என்று எழுது. வயசான காலத்தில் அவனும் அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கடைசிப் பதினொரு பாரைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

ஞானபாய்


கரமனை
8 ஜூன் 1954

அன்புள்ள தங்கச்சிக்கு, கடிதம் கிடைத்தது. நலம். கடைசிப் பதினொரு பார் ஓர்மை வரவில்லை. வந்தால் அனுப்புகிறேன்.

சுவாமிதாஸ்

சகோதரிக்கு: கார்டில் இடம் இல்லை, நுணுக்கி எழுதுகிறேன். அந்த வரியை நாலு தடவை வாசித்தேன். வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். மாஸ்டருக்கு என் நமஸ்காரம். நாளை காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய். சுவாமிதாஸையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவர் வெளியே நிற்கட்டும். ஏனோ ரொம்பச் சோர்ந்திருக்கிறார்.
கோ.


பழவங்காடி
10 ஜூன் 1954

தங்கச்சி ஞானபாய்க்கு, மறுபடியும் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து சொல்கிறேன். அதே மனுக்காரர்தான் எழுதுகிறார். சுகம் விசாரிக்க இன்றைக்கு மனசில்லை.

நேற்றுப் பிள்ளை தேங்காய் உடைத்தார். நான் ரோட்டில் நின்றேன். எவ்வளவோ பேர் உடைக்கிற இடம். ஆனால் அவர் உடைத்த இரண்டும் எனக்குத் தனியாகக் கேட்டன. வெளியே வந்து, சில்லைக் கையில் தந்து, "தின்னும் வேய், எனக்கு விடுதலை கிடைச்ச நாளு" என்றார். தின்றேன்.

அவர் சீட்டை மாற்றி வைக்கவில்லை. சரியாகத்தான் வைத்துவிட்டுப் போனார். மழைக்காற்று ஜன்னல் வழியே வந்து இரண்டையும் கீழே தள்ளியது. எது மாஸ்டர் கட்டு என்று எனக்குத் தெரியும். மூலையில் அவருடைய காப்பிக் கறை. கட்டு தெரியும், சீட்டு தெரியாது. கையில் இரண்டு சீட்டுகளையும் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். "பிள்ளைவாள், இதில எது எது?" என்று நாலு வார்த்தை. கேட்டால் முப்பத்திரண்டு வருஷம் தாள் திருப்பினது அத்தனையும் வெளியே வந்துவிடும். நீளமாக எழுதியிருந்த சீட்டு பெங்களூராக இருக்கும் என்று நினைத்து ஒட்டினேன்.

மாஸ்டரின் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் சாலைக் கடையில் சுக்கு வாங்கினபோது, ஐந்து கோடு போட்ட தாளில் மடித்துத் தந்தார்கள். அப்படியும் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் அவர் தலை குனிந்தார், நான் கூடவே நடந்தேன். இப்போது செய்யாத தப்புக்கு மன்னிப்பும் வாங்கிவிட்டார். உண்மையைச் சொன்னாலும், அதை அவர் கையாலேயே எழுதி, அவர் வாயாலேயே வாசிக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறேன். பதினொரு பாரும் எனக்கு ஓர்மை இருக்கிறது. பாட வாயைத் திறந்தால் இதுதான் வருகிறது.

என்ன செய்ய என்று நீதான் சொல்ல வேண்டும். ஆனால் நீ எழுதினால் அவர்தான் வாசிப்பார்.

சுவாமிதாஸ்


பெங்களூர்
25 ஜூலை 1954

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் கடிதங்கள் கிடைத்தன. ஆறு வாரமாகப் பல தடவை எழுத உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புத்தான்.

மாஸ்டருக்கு இப்போது காதும் மந்தமாகி வருகிறது. டாக்டர் நாள் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் உரக்கப் பேசினால் இன்றைக்குக் கேட்கிறது. அடுத்த மாதம் எப்படியோ.

உங்கள் அடிக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். மேலே இருக்கிற இடது கையை நாலு சுரம் முன்னதாகவே கீழே கொண்டுவந்துவிடுகிறேன். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இவ்வளவு நாளும் அந்தப் பாரத்தை மற்ற விரல்களின் மேல் போட்டிருந்தேன். அது அவற்றின் வேலை இல்லை, அண்ணா.

ஆகவே அந்த இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. பதினொரு பாரையும் பிள்ளையவர்களிடமே பாடுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம்.

ஞானபாய்


கரமனை
14 ஆகஸ்ட் 1954

அன்புள்ள தங்கச்சி ஞானபாய்க்கும், பக்கத்தில் இருந்து கேட்கிற லோபோ மாஸ்டருக்கும், சுவாமிதாஸ் சொல்வது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுகிறார். பிள்ளைவாள், இடையில நிறுத்தாதியும். நிறுத்தினா எனக்குச் சொல்ல வராது.

எனக்குக் கண்ணில் புரை கிடையாது. தெருமுனையில் வருகிற பஸ்ஸும் தெரிகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கிற காக்காயும் தெரிகிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. நோட்டும் தெரியாது. 49-ல் பிள்ளைவாள் சீட்டைச் சரியாகத்தான் வைத்தார். காற்று தள்ளினது. எடுத்து மாற்றி ஒட்டினது நான். அவர் வராந்தாவில் இருந்தார், கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மெதுப் பாகத்தைத் தொலைத்தவன் நான். மாஸ்டர் யாரை மன்னிக்க வேண்டுமோ அது இனி அவர் இஷ்டம். பிள்ளைவாளை மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை.

பிள்ளைவாள், எழுதிட்டீரா? எழுதினதை வாசியும்.

சுவாமிதாஸ்

சகோதரிக்கு: மேலே உள்ளதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். வாசிக்கச் சொன்னார், நான் வாசிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஆற்றுப் படித்துறை வரைக்கும் நடந்தேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மைக்கூடும் மூடாமல் அப்படியே இருந்தது.

"தேங்கா ரெண்டு உடைச்சிட்டேன் வேய். அதை இனி ஒட்ட முடியாது" என்றேன். கோபம் தீரவில்லை. தீருமா என்று தெரியவில்லை. ஆனால் பதினொரு பார் பாக்கி இருந்தது. பெட்டியைத் திறந்தேன். பாடினார். ஒரு மூச்சில் வந்தது.

தயவுசெய்து இந்தக் கடிதத்தை மாஸ்டருக்கு முழுவதும் வாசித்துக் காட்டவும். என் பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் உரக்க.

பதினொரு பாரும் இத்துடன் இருக்கிறது. முதல் பாரில் வருகிற டிரம் அடியை ஸரிகமவில் எப்படி எழுதுவது என்று யோசித்தேன். ஸ என்று எழுதினால் பாடுகிற ஸ என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு புள்ளி போதும் என்று வைத்துக்கொண்டேன். பேனாவை அவர் கையில் கொடுத்து, இடத்தை விரலால் காட்டினேன். ரொம்ப நேரம் தாளின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஓபோ வரிசையை நான் மெதுவாகப் பெட்டியில் வாசித்தேன். அது இரண்டாம் தடவை ஏறி இறங்கினபோது வைத்தார்.

மை கொஞ்சம் அதிகம். துடைக்கவில்லை.

கோ. பிள்ளை